கண்டிச்சீமைப் பிள்ளைகளின் உடையும் பருவமும்: கணினி விளையாட்டொன்றை முன்வைத்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

ஈழத்தின் ஆடையணி வரலாறு என்று இதுவரை எழுதப்பட்டவற்றுள் மிகப் பெரும்பாலானவை வளர்ந்தோரின் ஆடை வரலாறே. கண்டி அரசனின் முடி, பிரதானியின் நான்கு மூலைத் தொப்பி, பெருமாட்டியின் ஒசரி என்பன பற்றி விரிவாகப் பேசும் நூல்களிலே பிள்ளைகளின் உடை அடிக்குறிப்பாகவேனும் இடம்பெறுவது அரிது. இக்குறைபாட்டை எமக்குப் புலப்படுத்தியது வரலாற்று நூலொன்றன்று, ஒரு கணினி விளையாட்டு என்று கூறுவதில் எமக்குக் கூச்சமில்லை. ஆராய்ச்சிக்குரிய வினா எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அது வினாவே.

'த சிம்ஸ்' எனப்படும் அவ்விளையாட்டில் வெற்றியோ தோல்வியோ இல்லை. ஆடுபவர் ஒரு குடும்பத்தைப் படைக்கின்றார். அதற்கு வீடு கட்டுகின்றார். அக்குடும்பத்தினரை உண்பிக்கின்றார், உடுத்துகின்றார், வேலைக்கு அனுப்புகின்றார். வாழ்க்கையைப் பாவனை செய்வதே விளையாட்டு. நாளடைவில் இதை ஆடுவோரிடையே ஒரு தனி மரபு தோன்றியது. கடந்த காலத்தின் ஒரு பத்தாண்டைத் தெரிந்து, அக்காலத்து வீட்டையும் தளபாடத்தையும் உடையையும் முயன்று உருவாக்கி, தலைமுறை தலைமுறையாக இன்றைய காலம்வரை ஒரு குடும்பத்தை நடத்திவருதல் அம்மரபாகும். விளையாட்டை விற்கும் நிறுவனம் தராத உடைகளை ஆடுவோரே வரைந்து ஒருவருக்கொருவர் வழங்கிக்கொள்கின்றனர். விக்டோரியா காலத்துச் சிறுமியின் மேலங்கியையும், 1950களின் அமெரிக்கக் கட்டிளைஞனின் தோல்மேற்சட்டையையும் நூலிழை பிசகாமல் வரைவோர் உளர். 1920களின் கண்டி நகரத்திலோ, அதனைச் சூழ்ந்த தெல்தோட்டை, கலஹா, புசல்லாவைத் தோட்டங்களிலோ வாழ்ந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு உடை வரைய வேண்டின் எதைப் பார்த்து வரைவது என்பதே எம்முன் எழுந்த வினா.

அவ்வினாவுக்கு விடை தேடுமுன் விளையாட்டின் அமைப்பிலுள்ள ஒரு செய்தியை மனங்கொள்ளுதல் வேண்டும். 2000ஆம் ஆண்டில் வில் றைற் என்பாரின் ஆக்கமாக வெளிவந்த முதலாவது 'சிம்ஸ்' விளையாட்டிலே மானிடப் பருவங்கள் மூன்றே: குழவி, பிள்ளை, வளர்ந்தோர். பிள்ளை எத்தனை நாள் சென்றாலும் பிள்ளையாகவே இருக்கும். மூப்பும் வளர்ச்சியும் 2004இல் வெளிவந்த இரண்டாவது விளையாட்டிலேயே புகுந்தன; கட்டிளமைப் பருவம் என்ற தனிப் பருவமும் அதற்குரிய தனி உடைகளும் அப்போதே வந்தன. 2014இல் வந்த நான்காவது விளையாட்டில் கட்டிளைஞரின் உடலமைப்பு வளர்ந்தோரின் உடலமைப்போடு ஒன்றாக்கப்பட்டது. இருசாராரும் ஒரே உடையை அணியலாயினர். தளர்நடைக் குழந்தை என்ற பருவம் அவ்விளையாட்டில் 2017வரை இருக்கவேயில்லை. ஒரு பருவம் 'உண்டு' என்பதும் 'இல்லை' என்பதும் இங்கே பொறியியலாளரின் வசதியையும் வணிகக் கணக்கையும் பொறுத்தவை. மெய்வாழ்விலும் நிலைமை இதற்குப் பெரிதும் வேறுபட்டதன்று என்பதே எமது கருத்து. பருவத்தைத் தீர்மானிப்போர் வேறு, அவ்வளவே.

பிரெஞ்சு வரலாற்றாசிரியர் பிலிப் ஆரியே, பிள்ளைமைப் பருவம் பற்றி 1960இல் வெளியிட்ட நூலிலே, ஐரோப்பாவில் பிள்ளைகளுக்கெனத் தனி உடை தோன்றிய நிகழ்வைப் பிள்ளைமை என்ற கருத்தின் தோற்றத்தோடு இணைத்துக் காட்டினார். அதற்கு முன்னர் பிள்ளை வளர்ந்தோரின் உடையைச் சிறிய அளவில் அணிந்தது என்பது அவர் துணிபு. பின்வந்தோர் அவர் முடிபுகளைக் கடுமையாக மறுத்துள்ளனர். தமிழ்ச் சான்றுகளை நோக்கும் எமக்கும் அவருடைய கூற்று முழுவதும் ஏற்புடைத்தன்று. பிள்ளைத்தமிழ் பத்துப் பருவம் வகுத்தது. உலா இலக்கியம் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவம் வகுத்தது. புறநானூற்றின் 77ஆம் பாடலிலே, தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனின் இளமையை இடைக்குன்றூர் கிழார் உணர்த்துவது அவன் அணிகளைக் கொண்டே: கிண்கிணி கழற்றியாயிற்று, ஐம்படைத்தாலி இன்னும் கழற்றப்படவில்லை. அணியைப் பார்த்து வயதைக் கணிக்கும் வழக்கு இவ்வளவு பழையது.

இவ்வைம்படைத்தாலியின் இனமான அணியொன்று கண்டியிலும் வழங்கியமை ஈண்டு நோக்கற்பாலது. ஐந்து படைக்கலங்களின் வடிவம் பொறித்த 'பஞ்சாயுத' என்னும் பதக்கத்தைச் சிங்களக் குழந்தைகளுக்கு அணிவித்தல் நெடுங்கால வழக்கு; கண்டிப் பொற்கொல்லரின் கைவினைப் பொருள்களுள் அதுவும் ஒன்று. தமிழர் பண்பாடு, சிங்களர் பண்பாடு என்று நாம் இன்று வேலி போட்டுப் பிரிக்கும் இரண்டும் தொட்டிலருகே ஒரே அணியைப் பூட்டின. இந்நாட்டில் இதைச் சற்று உரத்தே சொல்லவேண்டியுள்ளது.

ஆயினும், நிலமானிய அமைப்பு நிலவிய கண்டி இராச்சியத்திலே உடையைத் தீர்மானித்த முதற்காரணி வயதன்று, குலமும் பதவியுமே. 1660இல் சிறைப்பிடிக்கப்பட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி நாட்டில் வாழ்ந்து 1679இல் தப்பிச்சென்ற றொபேட் நொக்ஸ், 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலில், தாழ்த்தப்பட்டோர் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தலாகாது என்ற கட்டுப்பாட்டைக் குறித்துச் செல்கின்றார். முழங்கால் என்னும் எல்லைக்கோடு இங்கே கவனத்திற்குரியது. ஐரோப்பாவில் பிற்காலத்தே முழங்காலளவுக் காற்சட்டை சிறுவனையும் நீளக்காற்சட்டை இளைஞனையும் குறித்தது. கண்டியிலோ முழங்காலளவுத் துணி குலத்தைக் குறித்தது. ஒருவன் அறுபது வயதிலும் அதே அளவிலேயே உடுத்தான். அவ்வகையில், ஒடுக்கப்பட்டவன் உடையளவில் என்றும் சிறுவனாகவே வைக்கப்பட்டான் எனலாம்.

இராச்சிய காலத்துப் பிள்ளை என்றதும் கண்டியில் எவரும் நினைவுகூர்வது 1814இல் கொல்லப்பட்ட எஹெலேபொலையின் மகன் மத்தும பண்டாரவையே. பாடசாலை மேடைகளில் அச்சிறுவனுக்கு உடுத்தப்படும் உடை பெரும்பாலும் வளர்ந்த பிரதானியின் உடையைச் சுருக்கியதாகவே இருக்கக் காண்கின்றோம். கட்டிளம் பெண்களுக்கோ 'லமா சாரி' உண்டு. பெயரே பிள்ளைச்சேலை என்று பொருள்படும். தமிழ்ப் பெண்களின் தாவணி பாவாடைக்கும் சேலைக்கும் இடையே வகிக்கும் இடத்தை அது வகிக்கின்றது. இடைப்பருவத்துக்குத் தனி உடை நம் மரபில் பெண்பாலாருக்கு இருந்தது. ஆண்பாலாருக்கு அத்துணைத் தெளிவாக இருக்கவில்லை. மணச்சந்தையின் தேவை இவ்வேறுபாட்டின் பின்னே நிற்பதை விளக்கவேண்டியதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதலாக நமக்கு நிழற்படங்கள் கிடைக்கின்றன. சாள்ஸ் ஸ்கோவன் 1870களில் கண்டியில் நிழற்படக்கூடம் நடத்தினார். 1890இல் கொழும்பில் தொடங்கிய பிளேட் நிறுவனமும் பின்னர் கண்டியில் கிளை வைத்திருந்தது. பழங்காலப் பிள்ளைகளின் உடையை மீட்டுருவாக்க விழைவோர் முதலில் நாடுவது இத்தகைய படங்களையே. அவற்றில் இருவகைப் பிள்ளைகள் உள்ளனர். ஒருவகையினர், தாமே பணங்கொடுத்துப் படம் எடுப்பித்த குடும்பத்துப் பிள்ளைகள். வரைந்த திரையின் முன்னே, சப்பாத்தும் காலுறையும் அணிந்து, சரிகையோ மாலுமிக் கழுத்துப்பட்டியோ வைத்துத் தைத்த உடையில் இவர்கள் நிற்பர். மாலுமி உடை 1846இல் விக்டோரியாவின் மூத்த மகனுக்கு வின்ற்றர்ஹால்ற்றர் வரைந்த ஓவியத்தின் வழியாகப் பிரபலமாகி உலகெங்கும் உயர்வகுப்புச் சிறுவர்க்கு உரியதாயிற்று. கடலைக் காணாத மலைநாட்டுச் சிறுவனும் அதற்கு விலக்கல்லன். மற்றைய வகையினர், படம் எடுத்தவனால் காட்சிப்பொருளாக நிறுத்தப்பட்ட பிள்ளைகள். 1875 முதல் 1879இல் இறக்கும்வரை இலங்கையில் வாழ்ந்த யூலியா மாகிரட் கமரன் என்னும் ஆங்கில மாது களுத்துறையில் தோட்டத் தொழிலாளரைப் படமெடுத்தபோது, அவர்கள்மேல் துணி விழும் மடிப்பை ஓவியக் கண்ணோடு ஒழுங்குசெய்தார். அப்படங்களின் அழகை நாம் மறுக்கவில்லை. அவற்றை உடை வரலாற்றின் சான்றாகக் கொள்வோர் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.

மேல்நாட்டு உடை மோகத்தை எதிர்த்து ஆனந்த குமாரசுவாமி 1905இல் கண்டியில் ஒரு துண்டுநூலை வெளியிட்டார். இரவல் இறகு சூடுவதைக் கண்டிக்கும் தலைப்புடையது அது. அப்போது அவர் கனிப்பொருள் ஆய்வுத் துறையின் இயக்குநர். இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கம் தோன்றியதும் அதே ஆண்டில்தான். அவருடைய தேசிய உணர்வு போற்றத்தக்கது. 1908இல் வெளிவந்த அவருடைய மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் இன்றும் கண்டி நெசவையும் அணிகலனையும் ஆராய்வோர்க்கு இன்றியமையாதது. எனினும், இரவல் இறகு எது, சொந்த இறகு எது என்ற விவாதம் இறகு வாங்கும் வசதியுள்ளவர்களிடையே நிகழ்ந்த விவாதம். அவர் வாழ்ந்த காலத்தில் கண்டியைச் சூழ்ந்த மலைகளில் வேறொரு பிள்ளைக் கூட்டம் இருந்தது. அக்கூட்டத்தின் உடையை விரித்துரைத்தல் வேண்டும்.

ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள லூல்கந்துரையில் ஜேம்ஸ் ரெயிலர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கோப்பி பருவகாலப் பயிர். தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து தரும் பயிர். எனவே ஆண் தொழிலாளர் வந்துபோகும் நிலை மாறிக் குடும்பங்கள் லயங்களில் நிலைகொண்டன. குடும்பம் வந்தால் பிள்ளை வரும். பிள்ளை வந்தால் அதன் விரலுக்கும் வேலை உண்டு. தமிழகத்துக் கிராமங்களில் 'கண்டிச்சீமை' என்று அழைக்கப்பட்ட இப்பிரதேசத்திலே ஒரு பிள்ளையின் நாள் பிரட்டுக்களத்தில் தொடங்கியது. புல்லுவெட்டுக்கும் கொழுந்துக்கும் சென்ற அப்பிள்ளையின் உடை என்ன? பெண் தொழிலாளி சேலைக்குமேல் இடுப்பைச் சுற்றிப் படங்கு கட்டுவாள். தேயிலைச் செடியின் கிளை கிழிக்காமலும் ஈரம் ஏறாமலும் காப்பது அது. மழைக்குக் கம்பளியோ சாக்கோ கொங்காணியாகத் தலையில் ஏறும். அந்தக் கம்பளியும் இலவசமன்று. கணக்கில் பற்றெழுதிக் கூலியில் கழிக்கப்பட்டது. வேலைக்குச் சென்ற பிள்ளைக்கு இவற்றின் கிழிசலும் மிச்சமும். பாவாடைக்குமேல் தாயின் பழைய படங்கு, தலையில் அதே சாக்கு, கால் வெறுங்கால். ஆரியே ஐரோப்பியப் பழங்காலத்துக்கு உரியதாகக் கூறிய நிலை, சிறிய அளவில் வளர்ந்தோரின் உடை, இங்கே இருபதாம் நூற்றாண்டிலே பெருந்தோட்டப் பொருளாதாரத்தின் விளைவாக இருந்தது.

1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ் 1929இல் நடைமுறைக்கு வந்த கூலிவீதம் இவ்விடத்தில் ஒரு முதன்மைச் சான்று. இடைநாட்டுத் தோட்டங்களில் நாளொன்றுக்கு ஆணுக்கு 52 சதம், பெண்ணுக்கு 41 சதம், பிள்ளைக்கு 31 சதம். ஆண், பெண், பிள்ளை என்ற இம்மூன்று வகுப்பும் 2000ஆம் ஆண்டுக் கணினி விளையாட்டின் வகுப்பை நினைவூட்டுகின்றன. பேதையும் பெதும்பையும் மங்கையும் மடந்தையும் செக்குரோலில் இல்லை. பூப்பெய்திச் சடங்கு கழிந்து தாவணி உடுத்த பெண் லயத்தில் பெரியபிள்ளை. குறித்த வயதெல்லையைக் கடக்கும்வரை செக்குரோலில் அவள் பிள்ளையே. உடை ஒரு கணக்கும் கூலி வேறொரு கணக்கும் வைத்திருந்தன. எது தனக்கு இலாபமோ அந்தக் கணக்கையே தோட்ட நிர்வாகம் படித்தது.

இவ்விடத்தில் உடையின் அளவு பற்றியும் கூறவேண்டும். கணினித் திரையில் பிள்ளையின் உடை எப்போதும் உடம்போடு பொருந்தியிருக்கும். பிறந்தநாள் வந்ததும் பழைய உடை மறைந்து புதியது தோன்றும். ஏழைப் பிள்ளையின் உடை அவ்வாறு பொருந்தி இருந்ததேயில்லை. தோட்டங்களிலே பிள்ளைகளுக்குப் புதுத்துணி வருவது தீபாவளிக்கே. அதற்கு நிர்வாகம் முற்பணம் கொடுக்கும். பின்வரும் மாதங்களின் சம்பளத்தில் அது தவணையாகக் கழிக்கப்படும். கண்டியிலும் கம்பளையிலும் நாவலப்பிட்டியிலுமுள்ள துணிக்கடைகள் அந்த ஒரு வாரத்தில் நிரம்பி வழியும். வளரும் பிள்ளையென்று ஓரளவு பெரிதாகவே சட்டை வாங்கப்படும். பாவாடையின் அடியில் அகலமாக மடித்துத் தைத்து, ஆண்டுக்கு ஆண்டு அம்மடிப்பை அவிழ்த்து நீட்டுவர். அவிழ்த்த இடத்தில் வெளுக்காத நிறம் ஒரு பட்டையாகத் தெரியும். பட்டைகளை எண்ணி, அந்தப் பாவாடை எத்தனை தீபாவளி கண்டது என்று சொல்லிவிடலாம். அதன்பின் அது தங்கைக்குப் போகும். தோட்டத்துப் பிள்ளையின் 'நாகரிகம்' எனப்படுவது இம்மடிப்பிலும் நிறப்பட்டையிலும் உள்ளது. மாலுமிக் கழுத்துப்பட்டியை வரைவதிலும் இதனை வரைவதே கடினம்.

கட்டிளமைப் பருவம் உழைப்பிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் பருவம். அமெரிக்காவில் 'ரீனேஜர்' என்னும் சொல் 1940களில் பரவலானது. உயர்நிலைப் பள்ளிக் கல்வி அங்கே பெருவழக்கான பின்னரே அது நிகழ்ந்தது. கண்டியில் அப்பருவத்தைப் பெற்றோர் யார்? 1872இல் திரித்துவக் கல்லூரி, 1879இல் பெண்கள் உயர்தரப் பாடசாலை, 1887இல் தர்மராஜக் கல்லூரி என அடுத்தடுத்து எழுந்த கல்லூரிகளுள் நுழைய முடிந்தவர்கள். அங்கே பதினாறு வயதிலும் மாணவர் மாணவரே. அவர்களுக்கெனச் சீருடை, கழுத்துப்பட்டி, விளையாட்டு மேற்சட்டை என்பன இருந்தன. அதே மலையின் மறுபக்கத்தில், 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்ட முகாமைக்கு விதித்த கடமை 6 முதல் 10 வயதுவரையான பிள்ளைகளோடு முடிந்தது. 1945இல் வந்த இலவசக் கல்வியின் பயன் தோட்டப் பாடசாலைகளை எட்டவில்லை. 1948இல் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. 1956ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டம் 14க்கும் 18க்கும் இடைப்பட்டோரை 'இளம் ஆள்' என்று தனியாக வகுத்தது. சட்டப் புத்தகத்திலாவது இடைப்பருவமொன்று தோன்றிற்று. தொழிலுக்கமர்த்தும் குறைந்த வயது 16 ஆக உயர்ந்தது 2021இல்.

தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாகிய காலத்தை ஒட்டியே தோட்டப் பாடசாலைகளையும் அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. 1993 முதல் மாணவர் யாவர்க்கும் சீருடைத் துணி இலவசமாக வழங்கப்படலாயிற்று. சிறிய வகுப்பு ஆண்பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டையும் நீலக் காற்சட்டையும், மேல்வகுப்பினருக்கு வெள்ளை நீளக்காற்சட்டை, பெண்பிள்ளைகளுக்கு வெண்துணி. பௌத்த மாணவத் துறவியருக்குக் காவித்துணியும் அதில் அடங்கும். சீருடை தனித்தன்மையைக் கொல்லும் என்று மேற்குலக இளைஞர் எழுப்பும் குரலை நாம் அறிவோம். அவர்களுக்கு வேறு உடை இருந்தது. தோட்டத்துச் சிறுவன் நீலக் காற்சட்டையிலிருந்து வெள்ளை நீளக்காற்சட்டைக்கு மாறிய நாள், படங்கின் வழியாகவன்றி வேறொரு வழியாக அவன் வளர்ந்த நாள். மலையகத் தமிழ்ப் பிள்ளைகள் பெருந்திரளாக அணிந்த முதலாவது கட்டிளமைப் பருவ உடை பாடசாலைச் சீருடையே என நாம் துணிந்து கூறுவோம்.

1977இன் பின் வந்த திறந்த பொருளாதாரம் இதன்மேல் இன்னொரு படையை ஏற்றியது. 1992இல் தொடங்கிய இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டமும் கொழும்பின் கடைகளும் தோட்டத்து இளம்பெண்களையும் ஆண்களையும் ஈர்த்தன. தீபாவளிக்கு ஊர் திரும்பியோர் டெனிம் காற்சட்டையும் ரீசேட்டும் கொண்டுவந்தனர். பிற நாட்டு இளைஞரின் உடையைத் தைத்தவர்களும் அவர்களே; அதன் கழிவை மலிவாக வாங்கி உடுத்தவர்களும் அவர்களே. இதனைத் தனியே ஆராய்தல் தகும்.

ஆகவே 1929இன் கண்டிக் குடும்பமொன்றைத் திரையில் படைக்க முனையும் இளைஞருக்கு எமது ஆலோசனை ஒன்றுண்டு. நகரத்து வளவுக்காரர் வீட்டைப் படைப்பதாயின் நிழற்படக்கூடத்துப் படங்கள் போதும். லயத்தைப் படைப்பதாயின் கட்டிளமைப் பருவத்துக்குரிய அலுமாரியை வெறுமையாக விட்டு, வளர்ந்தோரின் வேலை உடையைப் பிள்ளைக்கு உரியதாக்க வேண்டும். நான்காவது விளையாட்டு கட்டிளைஞரையும் வளர்ந்தோரையும் ஒரே உடலில் வைத்திருப்பது இங்கே வசதி. சான்றுக்கு 2001இல் ஹந்தானையில் திறக்கப்பட்ட தேயிலை நூதனசாலைக்குச் சென்றால் 1925இல் எழுந்த தொழிற்சாலைக் கட்டடத்தையும் பொறிகளையும் காணலாம். உடுத்தவர்களின் சுவட்டைத் தேடுவோர் கம்பளைக்கு அண்மையில் பாரதெக்கவிலுள்ள ஓல்ட் பீகொக் தோட்டத்துக்குச் செல்லுதல் நன்று. அங்கே பழைய லயக் காம்பராக்களிலேயே 2007இல் தொழிலாளர் நூதனசாலை அமைக்கப்பட்டது. அதனினும் நல்ல சான்று, கொங்காணி மடிக்கத் தெரிந்த முதிய பெண்கள். சாக்கின் அடிமூலைகளுள் ஒன்றை மற்றையதற்குள் தள்ளித் தலையில் கவிழ்ப்பார்கள். அதைப் பிள்ளைக்கென்று வெட்டிக் குறுக்கும் வழக்கம் இல்லை. தாய்க்கு இடுப்புக்குக் கீழே நிற்கும் சாக்கு, எட்டு வயதுப் பிள்ளைக்குக் கணுக்காலைத் தொடும்.